எந்தப் பக்கம்

லாஸ்பேட்டையில் முதல் வீடு.
கேட்டில் தொங்கிய அட்டையில்
'வாடகைக்கு' என்பதில் 'வா' மட்டும்
மழையில் கரையாமல் மிச்சமிருந்தது.
வந்தோம்.

வீட்டுக்காரர் எங்கள் செருப்பைப் பார்த்தார்,
பிறகு எங்களை.
"எந்த ஊரு?"
திட்டக்குடி என்றேன்.
"திட்டக்குடில எந்தப் பக்கம்?"
பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே என்றேன்.
அவர் கேட்டது அதை அல்ல என்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்,
குறுக்கே போன பூனைக்கும் தெரிந்திருக்கலாம்.
"பையன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்."
பையன் கனடாவில் இருக்கிறான்.
அதையும் அவரேதான் சொல்லியிருந்தார்.

சத்தியவேணி ஏனாம்காரி.
இரண்டு மாநிலங்களைக் கடந்து
சொந்த மாநிலத்துக்கே வந்து சேர்ந்தவள்.
நான் மூன்று மணி நேரப் பேருந்தில்
வெளிமாநிலத்தாள் ஆனவள்.
ரெயின்போ நகரில் ஓர் அம்மாள்
அவளுடைய ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"புதுச்சேரின்னுதான் போட்டிருக்கு,
தமிழ் வரலியே" என்றாள்,
அட்டையிடம்.

விடுதிப் பட்டியலில் நான் நூற்று நாற்பத்திரண்டு.
பெட்டிகள் ஆய்வகத்தில்,
கிருமிகள் உறங்கும் ஃப்ரீசருக்குப் பக்கத்தில்.
அவற்றுக்கு அலமாரியும் பெயர்ச்சீட்டும் உண்டு.

தரகர் அந்துவானின் பைக் முன்னால்,
எங்கள் ஓட்டை ஸ்கூட்டி பின்னால்.
முத்தியால்பேட்டையில் கறி கூடாது.
நெல்லித்தோப்பில் கறி ஆகும், எட்டரைக்குப் பூட்டு.
முதலியார்பேட்டையில் பூட்டு இல்லை,
கதவும் சரியாக இல்லை.
கடற்கரை ஓரம் மஞ்சள் சுவர் வீட்டில்
ஓர் இரவுக்கு எங்கள் ஒரு மாதம்.
அதன் வாசலில் நின்று யாரோ
கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் நகர்ந்து வழிவிட்டோம்.

ஒரு வீட்டை மறக்க முடியவில்லை.
பிரெஞ்சு பென்ஷன் வருகிற வீடு.
மாடியில் மூன்று அறைகள்,
தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை துடைத்து,
கொசுவலைகூட மடித்து வைத்து.
"மக டிசம்பர்ல வருவா, பாரீஸ்லருந்து."
போன டிசம்பரில் வந்தாளா என்று
வேணிதான் கேட்டாள், அரைகுறைத் தமிழில்.
பெரியவர் விசிறியை நிறுத்தினார்.
இறங்கி வந்துவிட்டோம்.

பதினெட்டாவது நாள், வைத்திக்குப்பம்.
ஐஸ் பெட்டிக் கிடங்குக்கு மேலே
தகரக் கூரை அறை.
அஞ்சலாட்சி மீன் ஏலத்திலிருந்து நேராக வந்து
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
"எந்த ஊரு?" என்றாள்.
நான் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னேன்.
"அங்க கடல் இல்லியேடி" என்றாள்,
அப்பா இல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.
பிறகு, வேறு கதியில்லை என்று முகத்தில் படித்து
ஐந்நூறு கூடுதலாகக் கேட்டாள்.
கொடுத்தோம்.
அந்துவான் தன் பங்கை இரண்டு முறை எண்ணினார்.

சுவரில் முன்பிருந்தவர்களின் பால்கணக்கு,
ஒரு கேஸ் ஏஜென்சி எண்,
'ராஜிக்குத் தர வேண்டியது 340'.
தந்தார்களா தெரியவில்லை.
வெள்ளையடிக்கும்போது
அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டோம்.

நேரு வீதி முனையில் சாவிக்காரர்
அச்சைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.
அந்தப் பதினெட்டு நாளில்
அவர் ஒருவர்தான்
"எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ராத்திரி.
ஒரே விசிறி, ஒரே கோரைப்பாய்,
கருவாட்டு வாசம் தரையிலிருந்து ஏறியது.
விளக்கை அணைத்த வேணி
புதிதாய்க் கற்ற தமிழில் கேட்டாள்:
"நீ எந்தப் பக்கம்?"

என் முதுகு தன்னால் விறைத்தது.
கிழக்கே, பஸ் ஸ்டாண்டுக்கு, என்று
நாக்கு நுனி வரை வந்தது.

இருட்டில் அவள்
சுவரோரம் ஒரு தட்டு தட்டினாள்,
ஜன்னலோரம் ஒரு தட்டு.

ஜன்னல் பக்கம், என்றேன்.
கீழே ஒரு ஐஸ் லாரி
பின்வாங்கிப் பின்வாங்கி
தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.