சுத்தம்

ஊரில் இதற்குச் சிலேபி என்று பெயர்.
அல்-கர்ஜில் பல்தி.
பெயர்ப் பொருத்தம்
வயிற்றைக் கீறிய அன்றுதான் புரிந்தது:
சுற்றிச் சுற்றிச் சுருண்ட குடல்
இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.
சாண் மீனுக்குள் ஆறேழு சாண்.

நான்காம் தொட்டி. மூவாயிரத்து இருநூறு மீன்.
பாலைக்கு அடியிலிருந்து சுடச்சுட ஏறி
கோபுரத்தில் ஆறி இறங்கும் தண்ணீர்.
பத்து மீனுக்குச் செதிலோரம் சிவந்ததும்
மேலாளர் ஹம்தி மஞ்சள் பொடி டப்பாவைத் திறந்தார்.
பத்து நாள்.
தீவனத்தில் பிசைந்து போட்டது இந்தக் கைதான்.
சிவப்பு போயிற்று.
ஹம்தி எல்லோருக்கும் பெப்சி வாங்கித் தந்தார்.

பதினான்காம் நாள் தீவனம் மிதந்தது.
பதினாறாம் நாள் வெள்ளை நூலாய் மலம் மிதந்தது.
பதினெட்டாம் நாள்
மீன்.

அதே வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கி
கிளினிக்கில் தந்த மாத்திரை
அந்தப் பொடிக்குப் பங்காளி முறை.
தொட்டிக்கும் கக்கூஸுக்கும் நடந்தே இரவு விடிந்தது.
மொக்லேசுர் லபன் புட்டியை நீட்டினான்.
"குடி. நீயும் நாலாம் தொட்டிதான்."

சூடான்காரர் டாக்டர் முவாஹிப்
செத்த மீனின் குடலை
டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
அதன் வழியே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம்.
"கொன்ற கிருமியைப் பிறகு தேடலாம்.
முன்பு இருந்தவர்கள் எங்கே?"

ஒன்பதாம் தொட்டிக்கு மருந்து போகவில்லை.
அதில் ஒரு மீனின் குடல்துளி கண்ணாடிச் சில்லில்.
குனிந்து பார்த்தேன்.
கோல், உருண்டை, சுருள்,
முட்டி மோதும் சம்பள நாள் பத்ஹா.
நாலாம் தொட்டித் துளியில்
வெள்ளிக்கிழமை நண்பகல் தெரு.

பாசியை உடைத்துத் தின்னத் தந்தவர்கள்,
மீனால் செய்ய முடியாத சத்தைக் காய்ச்சியவர்கள்,
நோய் வந்து கதவைத் தட்டினால்
இடமில்லை போ என்றவர்கள்.
எட்டுக் கட்டில் அறையில்
ஒன்பதாவது ஆள் எங்கே படுப்பான்?
நெருக்கம்தான் காவல் என்று
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
இக்காமா இல்லை, பேர் இல்லை,
மீனின் வேலையை மீனுக்குள் இருந்து செய்து
எண்ணிக்கையில் எப்போதும் மிகுந்து...
இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.
டாக்டர் ஏன் என்று கேட்டார்.
சொல்லவில்லை.

ஒன்பதாம் தொட்டியில் மூன்று மீன்.
அவற்றின் குடலை வழித்து
பேரீச்சம்பாகு கலந்த நீரில் கரைத்து
காலி லபன் கேனில் இரண்டு இரவு வைத்தோம்.
மூடியைத் திறந்தால் புளித்த வாடை,
உள்ளே யாரோ குடியிருக்கும் வாடை.
தீவனத்தில் தெளித்துப் போட்டேன்.
திரும்பிப் பார்க்கவில்லை.
மறுநாளும் இல்லை.
ஹம்தி கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றார்,
பேசாமல் போனார்.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை
தொட்டி அடியில் கறுப்பாய்ச் சிறு சிறு துணுக்கு.
வலையில் அள்ளி, விரலில் நசுக்கி,
பதிவேட்டில் எழுதினேன்:
மலம். கருமை. உறுதி. மூழ்குகிறது.
மொக்லேசுரைத் தட்டி எழுப்பினேன்.
பீயைக் காட்டவா எழுப்பினாய் என்றான்.
ஆமாம் என்றேன்.

மிஞ்சியவை ஆயிரத்து நூற்று நாற்பது.
எல்லாம் தேறின என்று பொய் எழுத மாட்டேன்.
மஞ்சள் டப்பா இன்னும் அதே அலமாரியில்,
சாவி ஹம்தியிடம்.

வியாழன் மாலை ரியாத் மீன் சந்தை.
என் தொட்டி மீனைத் தராசிலிருந்து இறக்கி
கத்திக்காரன் வாடிக்கையாளரைக் கேட்கிறான்:
சுத்தம் செய்து தரவா?
அவர் தலையாட்டுகிறார்.
ஒரு கீறல், ஒரு சுண்டு.
நான் கேன் கேனாய்க் குடியேற்றிய ஊர்
வாளியில் விழுகிறது.

வாளியோரம் ஒரு பூனை.
அதற்குத் தெரியும்
எதை முதலில் தின்பதென்று.