லேசான சமையல் மட்டும்

ஒப்பந்தத்தில் ஏழாவது வரி அது.
புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி,
சமையலறையை ஒட்டிய சின்ன அறை,
மாதம் தொள்ளாயிரம் வெள்ளி, தண்ணீர் மின்சாரம் உட்பட.
நூடுல்ஸ் லேசு. முட்டை லேசு.
தாளிப்பு?
மேடம் குவேக் யோசித்தார்.
கடுகு வெடிப்பதை வாயால் செய்து காட்டினேன்.
"லேசு இல்லை."

எண்ணெய்ச் சட்டியைப் பற்றி
நான் கேட்கவே இல்லை.

அதனால்தான் இந்தக் கறுப்பு யந்திரம்.
கவிழ்த்த ஹெல்மெட் போல இருக்கும்.
வேலையை விட்டு ஊர் திரும்பிய சஹிதா
இருபத்தைந்து வெள்ளிக்குத் தள்ளிவிட்டுப் போனாள்.
உள்ளே வெறும் காற்றுதான் மேடம்,
கொஞ்சம் கோபமான காற்று.

முதல் முறை பஜ்ஜிமாவு கரைத்தேன்.
மாவு கூடையின் ஓட்டைகள் வழியே
நிதானமாக இறங்கி
அடித்தட்டில் அடையாகப் படுத்துக்கொண்டது.
வெங்காய வளையங்கள் மேலே
குளித்துவிட்டுத் துண்டைத் தொலைத்தவர்கள் மாதிரி நின்றன.

இரண்டாம் முறை, கறிவேப்பிலை.
காற்று அதைத் தூக்கிப்போய்
சிவந்திருந்த கம்பியில் ஒட்டியது.
சன்னலையெல்லாம் திறந்துவைத்து
அரைமணி நேரம் துண்டைச் சுழற்றினேன்,
கீழே போகிற பேருந்துகளுக்குக்
கொடி காட்டுகிறவளைப் போல.

இன்று வெள்ளிக்கிழமை. மழை.
மூன்று பெரிய வெங்காயம்.
லென்ஸ் போட்டிருக்கிறேன், கண் கரிக்காது.
நீளவாக்கில், மெல்லிசாக அரிந்து
உப்புப் போட்டுப் பிசைந்து
பத்து நிமிடம் பேசாமல் விட்டால்
வெங்காயம் தன் தண்ணீரைத் தானே விடும்.
அதுவே போதும்.
மேற்கொண்டு ஒரு சொட்டு ஊற்றக் கூடாது.
கடலைமாவு, அதில் பாதி அரிசிமாவு,
மிளகாய்த்தூள், இடித்த சோம்பு,
ஒரு கரண்டி எண்ணெய்.
சாட்சிக்கு யாருமில்லை, இருந்தும் ஒரே கரண்டி.
கறிவேப்பிலையை இம்முறை
மாவுக்குள்ளேயே அமுக்கிவிட்டேன்.
நூற்று எண்பது. பன்னிரண்டு நிமிடம்.
ஏழாவதில் கூடையை இழுத்து ஒரு குலுக்கு.

யந்திரத்தோடு வந்த குறிப்பேட்டில்
இதை விருந்துக்குமுன் வைக்கச் சொல்லியிருக்கிறது.
பசியைத் தூண்டுமாம்.
இங்கே பின்னால் விருந்து எதுவும் வரப்போவதில்லை.
நாளெல்லாம் அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடிவிட்டு
வருகிறவளுக்குப் பசி
லிஃப்டிலேயே கூட ஏறிக்கொள்கிறது.

டிங்.

தட்டில் விழும்போது
காய்ந்த நெற்று குலுங்கும் சத்தம்.
ஒன்றை எடுத்து, சூடு பொறுக்காமல்
இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி, கடித்தேன்.
நொறுங்கியது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகக் கேட்டது.
அப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

ஃபிரிட்ஜுக்கு மேலே தொங்குவது.
இன்றைய கட்டத்தில் சிவப்புப் பேனா வட்டம்.
சீன மாதத்தின் பதினைந்தாம் நாள்.
ஒன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் மேடம் குவேக் சைவம்;
அந்த இரண்டு நாளும் வெங்காயம், பூண்டு
இந்த வீட்டுக்குள் மூச்சு விடக் கூடாது.
சொல்லியிருந்தார்.
தலையாட்டியிருந்தேன்.

அவர் கதவு திறந்தது.
அங்கிருந்து ஊதுபத்தி வந்தது,
இங்கிருந்து வெங்காயம் போனது,
குளிர்பானப் பெட்டியருகே இரண்டும் முட்டிக்கொண்டன.
"சாரி மேடம்."
அவர் என்னைப் பார்க்கவில்லை.
தட்டைப் பார்த்தார்.
கணக்கில் சேராத தூரத்தில் நின்று
மூக்கால் மட்டும் ஒரு தடவை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் மொறுமொறுன்னு இருக்குமா, இருக்காதா?"

"நமத்துப் போகும். ஆனால் திரும்ப உள்ளே
மூன்று நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்."

உள்ளே போய், சிவப்பு மூடி போட்ட
பழைய அன்னாசி டார்ட் டப்பாவோடு வந்தார்.
தட்டின் நடுவே விரலால் கோடு கிழித்தார்.
பிறகு விரலை
என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்.

இரவு பன்னிரண்டு ஐந்து.
என் கதவின் கீழே வெளிச்சம்.
சுவருக்கு அந்தப் பக்கம் காற்று சுழலத் தொடங்கியது.
படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரண்டாவது நிமிடத்திலேயே
கூடையை இழுத்துவிட்டார்.