பயணத்தின் நோக்கம்

பயணத்தின் நோக்கம் என்று ஒரு கேள்வி.
கீழே சின்னச் சின்னப் பெட்டிகள்.
'சுற்றுலா'வுக்குள் புள்ளடி போட்டேன்.
யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு
அந்தப் பெட்டி வழியாகப் போனவர்
எனக்குத் தெரிய ஒருவரும் இல்லை.

பக்கத்து வீட்டு மங்களரூபி
மதிலுக்கு மேலால் கேட்டாள்:
"போனால் அங்கேயே நிக்கிற யோசனையோ?"
இல்லை, பார்க்கத்தான்.
"ஆரை?"
ஆரையும் இல்லை. மலையை. தண்ணியை.
"தண்ணியையோ," என்றாள்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கு ஏதோ வருத்தமென்று
நினைத்திருப்பாள்.

காணிப் பதிவகத்தில் இருபத்தாறு வருடம்.
வெளிநாட்டு அற்றோணிப் பத்திரங்கள்
என் மேசைக்குத்தான் வரும்.
ஸ்தவாங்கர் என்று ஒரு முத்திரை:
கொக்குவிலில் நாலு பரப்பு, விற்பனைக்கு.
ஓலசுண்ட்: கோண்டாவிலில்
பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்.
திரொம்சோ: ஒரு பனங்காணி,
எட்டுப் பங்கு, ஏழு கையெழுத்து.
எழுத்துக்கூட்டிப் பதிந்து பதிந்து
ஒருநாள் மத்தியானம்
சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது தோன்றியது,
இந்த ஊர்களில்
முத்திரையைத் தவிர வேறென்ன இருக்கும்?

இரவில் மேசையில் வரைபடத்தை விரிப்போம்.
சுருளாமல் இருக்க மூலைக்கொன்றாய்
உப்புப் போத்தல், ரோச் லைற்,
அவருடைய மருந்துப் பெட்டி, என் கண்ணாடிக்கூடு.
ஆனியில் போனால் பொழுது படாதாம்.
"அப்ப இரவுக் குளிசையை எப்பப் போடுறது?"
என்கிறார் பரஞ்சோதி.
மணிக்கூட்டைப் பார்த்துப் போடுங்கோ.
"வெளிச்சத்தில மணிக்கூட்டை நம்பிப் படுக்கிறதோ?"

கப்பலில் ஆறு நாள் என்பதை வெட்டி
இரண்டு என்று எழுதினார்.
பனியாறு: பாத்தால் போதும், மிதிக்க வேண்டாம்.
ஒரு கோப்பி நாப்பத்தெட்டு குரோணர்.
பெருக்கினார், திரும்பவும் பெருக்கினார்,
"எனக்கு நெஞ்செரிவு தானே" என்று
அதையும் வெட்டினார்.
மலையை மட்டும் வெட்டவில்லை.
எங்கள் குடாநாட்டில்
ஏறுவதற்கென்று இருப்பது
தண்ணீர்த் தாங்கியும் தென்னையும்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள்.
ஊர்ச்சனத்தின் உறுதியெல்லாம் தேடிக் கொடுத்தவள்
என் உறுதியை அலுமாரிக்குள்
அரைநாள் தேடினேன்.
ஒன்றரைப் பரப்பு. வடக்கே ஒழுங்கை.
வீடு, கிணறு, வான்பயிர், தான்பயிர் உட்பட.
தான்பயிரில் வந்து முட்டுப்பட்டார் மொழிபெயர்ப்பாளர்.
கடைசியில் 'தானாக முளைத்தவை' என்று
ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்.
விசா அதிகாரி ஒருவர்
அந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்பார் என்று
எனக்கொரு ஆசை.

எந்த ஃபியோர்ட் வடிவு என்று கேட்க
தவநேசனுக்கு எடுத்தேன்.
சொந்த மச்சான்.
வடக்குக் கோடியில், போட்ஸ்ஃபியோர்டில்,
பதினொரு வருடம் மீன் வெட்டினவன்.
இரண்டு மலைக்கு நடுவில
கடல் உள்ள வருமாமே, உண்மையோ?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சிரித்தான்.

"ஊரின்ர பேரிலயே அது இருந்தது மச்சாள்.
வேலைக்குப் போகேக்க இருட்டு,
வரேக்கயும் இருட்டு.
வெளிச்சமான மாசத்தில ஓவர்டைம்.
யன்னல் மேல, கூரைக்குக் கிட்ட.
இப்ப ஒஸ்லோவில பஸ் ஓடுறன்,
முன்னுக்கு றோட்டுத்தான் தெரியும்."

பின்னால் யாரோ கோப்பை கழுவும் சத்தம்.

"எப்ப வாறியள்? லீவு கேக்கிறன்.
கப்பல் ரிக்கெற்றில
என்னையும் சேருங்கோ."

பரஞ்சோதி தாளை இழுத்தார்.
இரண்டு பேர் என்பதை அழித்து மூன்று என்றார்.
கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்குப் போனது.
கொஞ்சம் யோசித்து,
வெட்டின கோப்பியைத் திரும்பச் சேர்த்தார்.
ஒன்று.
தவநேசனுக்கு.