ஏற்பட்டது

இரவு பதினொன்றே முக்கால்.
ப்ளூமிங்டன் மூன்றாம் தெருவில்
பனி தள்ளும் வண்டி போய்த் திரும்புகிறது.
சுண்ணக்கல் மாளிகையின் நிலவறையில்
யாருடைய போர்வைகளோ சுழலும் இயந்திரத்தின் மேல்
மடிக்கணினியை வைத்து எழுதுகிறேன்:
“எங்கள் சகோதரி ஒருவருக்கு
எதிர்பாராத உடல்நலக் குறைவு ஏற்பட்டது.”

இந்த ஆண்டு இல்லத்தின்
மக்கள் தொடர்புச் செயலர் நான்.
எதிர்த்து யாரும் நிற்கவில்லை.
நாற்பத்தாறு பெண்களின் சிரிப்புக்குப் பொறுப்பு.
சிவப்புக் கோப்பைகளைப் படத்திலிருந்து வெட்டுவேன்.
குழந்தைகள் மருத்துவமனைக்குத் தந்த
கதவளவு அட்டைக் காசோலையை நடுவில் வைப்பேன்
(நிஜக் காசோலை உள்ளங்கை அகலம்,
தொகை மட்டும் இரண்டிலும் ஒன்று).
என்னை முன்வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக.
“உன் நிறம் வெளிச்சத்தை அழகா வாங்குது” என்று
முதலில் நிறுத்தியவள் டெலேனி, தலைவி.
இப்போது யாரும் சொல்வதில்லை.
நானே போய் நின்றுகொள்கிறேன்.

தலைமையகத்திலிருந்து விட்டேக்கர் அம்மையார் அழைத்தார்.
இரங்கல் வீட்டில் பேசுகிற குரல்.
“வெளியே என்ற சொல் வேண்டாம், கண்ணே.
குளிர் வேண்டவே வேண்டாம்.
எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் அந்தச் சின்னச் சொல்லை
மூன்று இடத்திலாவது போடு.”

அவர் மொழியில் அது ஒரே சொல்.
எனக்குத்தான் இரண்டாகக் கேட்டது.
நாம் என்றால் மாரிஸாவும் உண்டு.
நாங்கள் என்றால்
அவளை வெளியே விட்டுக்
கதவைச் சாத்தியவர்கள்.

சனிக்கிழமை.
பின்முற்றத்தில் புதுப்பெண்கள் எட்டுப் பேர், வெறுங்கால்.
இல்லத்தின் பாட்டை முழுதாகப் பாடினால் உள்ளே வரலாம்.
எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது,
எங்களுக்கு அது மார்ச் மாதம்.
மாரிஸா கோவல்ஸ்கிக்கு மூன்றாம் சரணம் மறந்தது.
முதலிலிருந்து.
மறுபடி மறந்தது.
மறுபடி முதலிலிருந்து.
நாங்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சிரித்தோம்,
அவளும் அந்தப் பக்கம் சிரித்தாள் என்று நினைவு.
பற்கள் தெரிந்தன.
நேரம் பார்த்தது நான்.
இருபத்தாறு நிமிடம், நாற்பது நொடி.
இன்னும் கைபேசியில் நிற்கிறது அந்த எண்.
அழிக்கவில்லை.
யாரிடமும் காட்டவும் இல்லை.

அம்மா ஃபோர்ட் வெய்னிலிருந்து கூப்பிட்டாள்,
இந்நேரத்துக்கு.
“உங்க ஹவுஸ் பொண்ணாமே?
ரெண்டு கால்விரல் போயிடுமாமே?”
“உடம்புக்கு முடியாம ஆயிடுச்சும்மா.”
“தானாவா?”
“பனியில நின்னா.”
“யாருடி நிக்க வெச்சது?”

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நான் தோற்ற ஒரே பாடம் இலக்கணம்.
தோன்றா எழுவாய் என்று ஒன்று;
ஆளைச் சொல்லாமலே வாக்கியம் நடக்கும்,
ஆனால் வினையின் வாலைப் பிடித்தால்
ஆள் அகப்பட்டுவிடுவான்.
வெச்சாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
“வெச்சோம்” என்று வந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை.
பின்னால் குக்கர் ஒரு தரம் கூவியது.
இந்நேரத்தில் என்ன சமைக்கிறாள் என்று
கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

நள்ளிரவு தாண்டிப் பதிவை வெளியிட்டேன்.
விட்டேக்கர் கேட்டபடி, அந்தச் சின்னச் சொல் நான்கு முறை.
கூடவே இலையுதிர் காலத்துப் படம்:
பூசணித் தோட்டத்தில் மாரிஸா,
மஞ்சள் பூட்ஸோடு குதிக்கிறாள்,
காலிரண்டும் தரையில் இல்லை.
ஒன்பது நிமிடத்தில் இருநூறு இதயங்கள்.
அதில் ஒன்று மாரிஸாவுடையது,
மருத்துவமனையிலிருந்து.
அதை மட்டும் திறந்து திறந்து மூடினேன்.

படியேறும்போது பார்த்தேன்.
பின்கதவுப் பக்கம், எல்லாருடைய காலணிகளுக்கும் நடுவே
அந்த மஞ்சள் பூட்ஸ், ஒன்று சாய்ந்து ஒன்றின் மேல்.
ஐந்து நாளாக யாரும் அதை நகர்த்தவில்லை.
தரையில் சுற்றிலும் ஈரம் காய்ந்து
உப்புக்கோடு ஏற்பட்டிருந்தது.