எட்டடிக் கதவு

சம்பளத் துண்டின் பின்பக்கம்தான் முதல் வரைபடம்.
முன்பக்கம் யோகமலரின் கழிவுகள்:
மாவு, சந்தா, மரண நிதி, முற்பணம்.
திருப்பினால்
இருபதுக்குப் பதினாறு,
வடக்கே ஜன்னல், தெற்கே வேலை மேசை,
நடுவில் ஒரு குழி,
குழிக்கு மேலே இன்னும் வாங்காத கார்.

சார்ஜாவில் ஒன்பது வருடம்
யார் யாருடையதோ வண்டிகளின் அடியில்
மல்லாந்து கிடந்தபோது
எண்ணெய் சொட்டும் அந்த வானத்தில்
இந்தக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினெட்டுத் தகரம், அதில் இரண்டு கண்ணாடித் தகரம்.
பொகவந்தலாவையில் வெயில் வருகிற
அந்த இரண்டு மணித்தியாலத்தை வீணாக்கக் கூடாது.

ஏழு பேர்ச் கிடைத்தது.
வீட்டுக்குப் பாதி, கராஜுக்குப் பாதி என்றேன்.
யோகமலர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"அடுப்பு எங்க?" என்றாள்.
அடுப்பை மறந்திருந்தேன்.

குழி வெட்டிய மூன்றாம் நாள்
நாலடியில் ஊற்று.
மரியசூசை பாஸ் மண்வெட்டியைச் சாத்திவிட்டு
"இது கராஜ் இல்ல தம்பி, கிணறு" என்றார்.
இரண்டு இரவு தூங்கவில்லை.
பிறகு ஒன்றேகால் அங்குலக் குழாய் வைத்து
ஊற்றைச் சுவருக்கு வெளியே திருப்பினோம்.
இப்போது கீழ் லயத்தில் பதினொரு வீடு
என் குழியைக் குடிக்கிறது.
வரைபடத்தில் அது இல்லை.

கதவு எட்டடி அகலம்.
இரும்புச் சட்டம், நானே வெல்டிங் செய்தது.
ஒரு விரலால் தள்ளினால் திறக்கும்.
திறந்தால்
நூற்றிப் பன்னிரண்டு படிக்கட்டு.
அவ்வளவுதான். பாதை கீழே,
பால் லொறி நிற்கிற வளைவோடு முடிகிறது.

இதை நான் கவனிக்கவில்லை என்று
தோட்டமே சிரித்தது.
கவனித்தேன்.
முதல் கோடு போட்ட அன்றே கவனித்தேன்.
இரண்டடிக் கதவு வைத்தால்
பாதை வராது என்று
நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

கார் ஹட்டனில் ஒரு கோழிக்கூட்டுக்குள் கிடந்தது.
ஓஸ்டின் ஏ ஃபோர்ட்டி. என்னைவிட முப்பது வயது மூப்பு.
பின் சீட்டில் முட்டைகள் இருந்தன,
அதையும் விலையில் சேர்த்துக்கொண்டார்கள்.
வளைவில் இறக்கி, படங்கு விரித்து, கழற்றினேன்.
கழன்ற ஒவ்வொரு நட்டையும் யோகட் கோப்பையில் போட்டு
மதுஷிகா நம்பர் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை.
கூப்பிடாமலே பதினெட்டுப் பேர் வந்தார்கள்.
எஞ்சினைக் கருப்பந்தைல மரத்தடியில் கட்டி நாலு பேர்,
சட்டகத்துக்கு ஆறு,
கூட்டுக்கு எட்டு.
தோள் மாற்றுகிற இடமெல்லாம்
அவர்களுக்குத் தெரிந்திருந்தது:
முப்பதாம் படி, குழாயடி, உடைந்த படி.
இதே படியில்தான் கம்பளியில் கட்டி
யோகமலரை இறக்கினார்கள்,
மதுஷிகா வயிற்றில் குறுக்கே கிடந்த இரவில்.
எழுபதாம் படியில் லோகேந்திரன் மூச்சு வாங்கினான்.
"இதுல நாங்க எறக்கித்தான் பழக்கம்" என்றான்.
"ஏத்துறது இதான் மொத தடவ."

இப்போது எல்லாம் உள்ளே இருக்கிறது.
சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும்
வெள்ளைப் பெயின்டில் அதனதன் உருவம்.
பதினாலாம் நம்பருக்கு உருவம் மட்டும்தான்;
ஆள் படியில் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது.
அடுப்பு, வேலை மேசைச் சுவருக்கு அந்தப் பக்கம்.
ரொட்டியில் கொஞ்சம் பெட்ரோல் மணக்கிறது என்கிறார்கள்.
எனக்குத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி ஸ்டார்ட் ஆனது.
மூன்று தரம் இருமி, ஒரு தரம் செத்து,
பிறகு நின்று பிடித்தது.
யோகமலர் மாவுக் கையோடு வந்து
இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள்.
எட்டடியையும் திறந்துவிட்டு லைட்டைப் போட்டேன்.
இரண்டு வெளிச்சமும் மூடுபனிக்குள் நேராகப் போய்
படிக்கட்டுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில்,
ஒரு லொறி போகிற அகலத்துக்கு நின்றது.

"ஹோர்ன் அடிங்க" என்றாள்.
அடித்தேன்.
கீழே வளைவில், இருட்டில்,
யாரோ ஒதுங்கி வழிவிட்டார்கள்.