ஏழு மணி

ஈரமானி இருபத்திரண்டு காட்டியது.
பதினேழுக்கு மேல் எடுக்க முடியாது என்று
காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வறண்ட வாயோடு
பட்டியல் எழுத்தர் நான்,
எழுதப் பட்டியல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.
ரோட்டோரம் குறுவை நெல்
தார்ப்பாய்க்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஹபீபா அனுப்பினாள்.
ஆஸ்திரேலியாவில் ஓர் ஓவியப் பரிசு.
வந்தது எழுநூற்றுச் சொச்சம்,
இறுதிக்கு முப்பத்தொன்று,
அதில் அவளுடையதும்.

கூத்தாநல்லூர் பள்ளிக்கூடத்தில்
என் ரெக்கார்டு நோட்டில்
தவளைக்குக் குடல் வரைந்து கொடுத்தவள்.
போன வருஷம் பெர்த்திலிருந்து கேட்டாள்:
"பழைய சாக்கு ஆறு வேணும். துவைச்சிடாதே."
கழிவுச் சாக்குதான், கணக்கில் வராதது.
இருந்தும் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அங்கே இறங்கியதும் பிடித்துவைத்துவிட்டார்கள்.
விதை, பூச்சி, மண்
எதுவும் உள்ளே வரக்கூடாதாம் அந்த நாட்டுக்குள்.
மூன்று வாரம் கழித்து
உதறி, புகை போட்டு,
ஒரு கடிதத்தோடு கொடுத்தார்கள்:
தையல் மடிப்பில் நெல்மணி ஏழு.
அழிக்கப்பட்டன.
கையெழுத்து, முத்திரை, தேதி.

ஆறு சாக்கையும் பிரித்து
ஒன்றோடொன்று தைத்து
வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறாள்.
பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் கடிதம்.
தலைப்பு: ஏழு.

லோடுமேன்கள் என் போனைச் சுற்றிக் குந்தினார்கள்.
முப்பத்தொன்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.
எரிந்த காடு ஒன்று, கரியால் வரைந்தது.
"அந்தக் காட்டுக் கரியாத்தான் இருக்கும்" என்றார் ஆரோக்கியராஜ்.
பழைய பிரிட்ஜ் கதவு ஒன்று,
ஸ்டிக்கர் உரித்த தடங்களோடு.
மூன்று மணி நேர வீடியோ:
ஒரு பெண் மழை வருமா என்று பார்க்கிறாள், அவ்வளவுதான்.
"இதுக்கு நம்மளையே கூப்பிட்டிருக்கலாம்"
என்றார் சிங்காரவேல்.
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரும் மேலே பார்த்தோம்.
வடகிழக்கு கறுத்திருந்தது.

பரிசு வேறொன்றுக்கு.
பாத்திரம் கழுவும் ஒருவனின் முதுகு.
இரண்டு சாண் அகலம்கூட இல்லை.
நாற்பதாயிரம் டாலர்.
குஞ்சப்பன் மனக்கணக்கில் புலி:
"சிப்பத்துக்குப் பத்து ரூவான்னா
ரெண்டேகால் லச்சம் சிப்பம் தூக்கணும்."

எனக்குக் கோபம்.
குறை கண்டுபிடிக்கத்தான் அந்த முதுகைப் பெரிதாக்கினேன்.
இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது.
குஞ்சப்பன் பேச்சை நிறுத்தி
தன் தோளைத் தொட்டுப்பார்த்துக்கொண்டார்.
கோபம் போய்விட்டது.
போனது எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம சாக்கைக் காட்டுங்க" என்றார்.
காட்டினேன்.
"அந்த மூலை. இன்னும் பெருசா."
சணல் விலகி ஒரு ஓட்டை,
அதன் வழியே வெள்ளைச் சுவர்.
"கொக்கி போட்டது நான்தான்.
இந்த சென்டர்ல இடக்கையால குத்துறவன்
வேற எவன் இருக்கான்?"
நடுவர்கள் மூவரும் அந்த ஓட்டையைப் பார்த்திருப்பார்கள்.
என்ன எழுதிக்கொண்டார்களோ.

பீடி பற்றவைத்தபின் கேட்டார்:
"அந்த ஏழு மணிய என்ன பண்ணியிருப்பானுவ?"
எரிச்சிருப்பாங்க.
"எரிக்கிறதுக்கு முன்னால
ஈரம் பாத்தானுவளா?"

இதை ஹபீபாவுக்கு அப்படியே அனுப்பினேன்.
இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

வடபாதிமங்கலத்து அஞ்சம்மாள்
முந்தானையில் ஒரு கை நெல்லோடு வந்து நின்றாள்.
நான்கு நாளாக ரோட்டில் படுத்திருப்பவள்.
"இப்பப் பாருங்க சார்."
பார்த்தேன்.
இருபத்தொன்று.

"ஒண்ணு கொறைஞ்சிருக்குல்ல" என்றாள்,
என்னிடமில்லை, மெஷினிடம்.
கொட்டியதை மறுபடி முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.
என் உள்ளங்கையில் சில ஒட்டியிருந்தன.
நான் எண்ணவில்லை.
தார்ப்பாயின்மேல் முதல் தூறல்
சடசடவென்று எண்ணத் தொடங்கியிருந்தது.