தட்டு

கடைப்பையன் கேட்ட முதல் கேள்வி
விலை பற்றியதல்ல.
"மறுமுனையைத் தூக்க யார் இருக்கிறார்கள்?"

டுலூத்தில் மே மாதத் தொடக்கம்.
ஏரிக்கரையில் பனிக்கட்டி இன்னும்
கழுவாத தட்டுகள்போல் அடுக்கிக் கிடந்தது.
என் வீட்டு வண்டிப்பாதையோ
குளிர்காலம் முழுக்க மூச்சை இழுத்து
இப்போது விட மறுக்கிற வயிறு.
லண்ட்க்விஸ்ட் வந்தார், ஒப்பந்தக்காரர்.
பூட்ஸ் நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு
பதினோராயிரம் என்றார்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பதினோராயிரம் என்பது என் காதுக்கு
ஏதோ ஓர் ஊரின் மக்கள்தொகை.

ஆகவே, நானே.
சரளை, மணல், கல், அவற்றை இறுக்க ஓர் இயந்திரம்:
அடியில் இரும்புத் தட்டு, மேலே எஞ்சின், பின்னால் நான்.

வாடகைக்கு என்றால் நாளுக்குத் தொண்ணூற்றைந்து டாலர்.
மழை பெய்தாலும் தொண்ணூற்றைந்து.
எனக்கு வாய்ப்பதோ சனிக்கிழமைகள்;
அவை எனக்கும் மழைக்கும் பொதுச்சொத்து.
ஆறு சனிக்கிழமை. பெருக்கிப் பாருங்கள்.
நான் பள்ளி வாசலில் காத்திருந்தபோது
பெட்ரோல் ரசீதின் முதுகில் பெருக்கிப் பார்த்தேன்.

புதியது, ஐந்நூற்று நாற்பத்தொன்பது.
பெயர் கேள்விப்படாத எஞ்சின்,
நூற்று முப்பது பவுண்டு, மடங்கும் கைப்பிடி,
கல்லைக் கீறாதிருக்க ஒரு ரப்பர் விரிப்பு இலவசம்.
தார் வேலைக்கான தண்ணீர்த் தொட்டி கிடையாது.
எனக்குத் தார் வேலையும் கிடையாது.

பழையது, நானூற்றைம்பது.
ஹெர்மன்டவுனில் ஆர்வோ கெட்டுனென் கொட்டகையில்,
இருநூறு பவுண்டு, ஹோண்டா.
கயிற்றை ஒரே இழுப்பு;
அது உறுமிய உறுமலில்
அலமாரியிலிருந்த ஆணி டப்பா
தானே நடந்துபோய்க் கீழே விழுந்தது.
ஆர்வோ ஆணிகளைப் பொறுக்கவில்லை.
"இது சொன்னால் நிலம் கேட்கும்" என்றார்.
பிறகு இருவருமாக அதை என் வண்டியில் ஏற்றப் பார்த்தோம்.
அவருக்கு எழுபத்தாறு, இடுப்பில் எஃகு.
முட்டிவரை வந்தது.
அங்கேயே நின்றது.
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்
மெதுவாக இறக்கினோம்.
"கென்ட் எங்கே?"

கென்ட் அரிசோனாவில்.
அங்கே நிலம் உறைவதில்லை,
உறையாத நிலம் எதையும் மேலே தள்ளிக் காட்டுவதில்லை.
இதைச் சொல்லவில்லை.
"இல்லை" என்றேன்.

கனமானது ஆறங்குலச் சரளையை ஒரே மூச்சில் இறுக்கும்.
இலேசானதற்கு இரண்டங்குலம்தான்:
கொட்டு, பரப்பு, நனை, ஓட்டு,
திரும்பவும் கொட்டு.
வேலை மூன்று மடங்கு.
ஆனால் ஒரு பலகையைச் சாய்த்து
நான் ஒருத்தியே ஏற்றிவிடலாம்.
ரசீதில் கடைசியாக எழுதிய வரி இது.
கீழே கோடு போட்டேன்.

மூன்றாம் சனிக்கிழமைதான் காதுக்குப் பிடிபட்டது.
சோம்பலாய்த் தொப் தொப்பென்றிருந்த ஓசை
ஒரு கட்டத்தில் டக்கென்று மாறும்,
தட்டு துள்ளத் தொடங்கும்.
அங்கே நிறுத்த வேண்டும்.
அதற்குமேல் அடித்தால் கல்தான் நொறுங்கும்,
நிலம் இறுகாது.
எந்த விலைச்சீட்டும் இதைச் சொல்லவில்லை.
கென்ட்டுக்கும் எனக்கும் இது
தெரிந்திருக்கவும் இல்லை.

திங்கள் காலை, ஸ்டியரிங்கில் என் விரல்கள்.
முதல் இருக்கையில் ஒன்றாம் வகுப்பு ஸோல்வெய்க்:
"பஸ்ஸுக்குக் குளிருதா?"
"பஸ்ஸுக்கு இல்லை" என்றேன்.
அவள் தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.
என் இரண்டு விரல்கள் நுழைந்தன.

பாதை முடிந்துவிட்டது.
குதிகாலால் அழுத்தினேன், தடம் விழவில்லை.
குளிர்காலம் வரும், ஏதாவது ஒரு மூலை எழும்பும்.
எந்த மூலை என்று பந்தயம் கட்ட ஆளில்லை.
கொட்டகையில் தட்டு இருக்கிறது.
பக்கத்தில் பலகை.